மணல்பள்ளம் இல்லாத கோல்ஃப் மைதானம்

கோல்ஃப் மைதானம்னு சொன்னாலே நம்ம உழவர்களுக்குக் கோபம் வரும். எனக்கும் அப்படித்தான். மண்ணைப் புரட்டி, ஒரே புல்லை வளர்த்து, அதுக்கு மருந்தும் தண்ணியும் கொட்டுற பணக்கார விளையாட்டு என்பதுதான் என் கணக்கு. அந்தக் கணக்குக்கு அடங்காத மைதானம் ஒன்று இருக்கிறது.

இங்கிலாந்தில், லண்டனுக்குத் தெற்கே கிழக்கு சசெக்ஸ் பகுதியில் ஆஷ்டவுன் காடு. பேருதான் காடு, பாதிக்கு மேல் மரமில்லாத மேட்டுநிலம். சத்தில்லாத மண். ஹெதர் என்ற குட்டைச்செடி, முள்புதர், பெரணி இவைதான் வெள்ளாமை. அங்கே 1888ல் தொடங்கியது ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட் கோல்ஃப் கழகம். தேர்ந்த ஆட்டக்காரர்களையே திணறடிக்கும் மைதானம். ரைடர் கோப்பையின் உச்சியில் நிற்கும் பொம்மை ஏப் மிட்செலுடையது. அவர் இங்கே உள்ளூர் உழைப்பாளிகளின் கழகத்தில் ஆடி வளர்ந்தவர்.

மற்ற இடங்களில் ஆட்டத்தைக் கடினமாக்க மண்ணைத் தோண்டி, பந்து சிக்கும்படி மணல்பள்ளம் அமைப்பார்கள். இங்கே அப்படி ஒரு பள்ளம்கூடக் கிடையாது. ஏற்றமும் இறக்கமும் ஓடையும் ஹெதரும்தான் தடை. காட்டின் தரையை இஷ்டத்துக்கு மாற்றச் சட்டம் விடவில்லை.

அந்தச் சட்டம் எப்படி வந்துச்சு? இங்கேதான் நம்மாளுங்க கதை வருது.

சுற்றுவட்டாரக் குடியானவர்களுக்கு அந்தக் காட்டில் ஆடுமாடு மேய்க்கவும், விறகு வெட்டவும் உரிமை உண்டு. பெரணியும் ஹெதரும் அறுத்துவந்து மாட்டுக்குப் படுக்கை போடுவார்கள். சாணியும் கோமியமும் ஊறியபின் அதுவே வயலுக்கு எரு. 1877ல் ஒரு நிலக்காரருக்காக ஜான் மைல்ஸ் என்பவர் இப்படி அறுத்துக்கொண்டிருந்தபோது, காட்டின் ஜமீன்தார் போன்ற டி லா வார் பிரபுவின் ஆட்கள் பிடித்தார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. ஊர்ப் பெரியவர்கள் "நாங்க அறுத்தோம், எங்க அப்பா அறுத்தாரு" என்கிற மாதிரி சொன்ன சாட்சிகளை ஒரு வழக்கறிஞர் ஊர் ஊராக எழுதி வாங்கினார். 1881ல் மேல்முறையீட்டில் குடியானவர் பக்கம் வென்றது. 1885ல் காட்டைக் காக்கத் தனிச் சட்டமும் காவலர் குழுவும் வந்தன. மூன்று வருஷம் கழித்துத்தான் கோல்ஃப்காரர்கள் வந்தார்கள். பள்ளம் தோண்டாத அந்த மைதானம், எருவுக்குப் பெரணி அறுத்தவர்கள் போட்ட பிச்சை என்பேன்.

ஆனா கதை அதோடு முடியலை. கடந்த நூற்றாண்டில் அங்கே மாடு வைத்திருப்பவர்கள் குறைந்துபோனார்கள். மேய்ச்சல் நின்றதும் பிர்ச்சும் பைனும் முளைத்து ஹெதரை மூட ஆரம்பித்தன. இப்போது காவலர் குழுவே ஹெப்ரிடியன் செம்மறியும் எக்ஸ்மூர் மட்டக்குதிரையும் வாங்கி மேய்க்கிறது. சட்டப் புத்தகம் மண்வெட்டியைத் தடுத்தது. மரக்கன்றை அதால் தடுக்க முடியுமா? அதுக்கு வாய் வேணும், பல் வேணும், மேய்ப்பவர் வேணும்.

என் கருத்து இதுதான். பொதுநிலத்தின் மேல் உள்ள உரிமை பத்திரத்தில் மட்டும் வாழாது, பயன்பாட்டில்தான் வாழும். ஆஷ்டவுன் குடியானவர்களை ஜெயிக்க வைத்தது தலைமுறை தலைமுறையாக ஓடிய அரிவாள். அதைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதை எழுதி வைத்த காகிதம், அதற்குத் துணை நின்றது. மேய்ச்சல் நிலம் இருக்கிறவங்க மாட்டை ஓட்டிக்கிட்டுப் போங்க. பெரியவங்க உயிரோட இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க.