தலையில் ஒரு கோப்ரோ மாட்ட 200 ஜம்ப் எதற்கு?

துபாயின் பாம் ஜுமேராவுக்கு மேலே, பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒருவர், கன்னமெல்லாம் காற்றில் படபடக்க, இரண்டு கட்டை விரல்களையும் உயர்த்திச் சிரிக்கும் வீடியோ உங்கள் ஃபீடில் ஒருமுறையாவது வந்திருக்கும். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டிருப்பார்கள். அதில் தெரிகிற முகம் அவருடையது. தெரியாத முகம் இன்னொன்று உண்டு. அவருக்கு எதிரே சில அடி தூரத்தில், அதே வேகத்தில் விழுந்துகொண்டே அதைப் படம் பிடித்தவருடைய முகம். அவர் கையில் கேமரா இருக்காது. தலையில் இருக்கும்.

அந்தத் தலைக் கேமராவைப் பார்த்துத்தான் பலருக்கும் ஆசை தொற்றுகிறது. ஸ்கைடைவிங் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் இருபது, முப்பது ஜம்ப் முடிவதற்குள் கேட்டுவிடுகிற கேள்வி: "எந்த கேமரா வாங்கலாம்?" கேள்வியில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: "ஏதாவது சிக்கினால் இது தலையை விட்டு எப்படிக் கழலும்?"

சின்ன கேமராதானே!

அமெரிக்காவின் பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ., 'சி' உரிமம் வாங்கிய பிறகே கேமராவோடு குதிக்கப் பரிந்துரைக்கிறது. அந்த உரிமத்துக்குக் குறைந்தது 200 ஜம்ப் வேண்டும். அதோடு, கேமராவுடன் பயன்படுத்தப்போகிற அதே பாராசூட்டில் சமீபத்தில் 50 ஜம்ப்பாவது செய்திருக்க வேண்டும் என்கிறது. இது சட்டமில்லை, பரிந்துரைதான். ஆனால் பல டிராப் ஸோன்களில் இதில் கறாராக இருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் புதியவர்களுக்குக் கோபம் வருகிறது. "இதெல்லாம் பெரிய கேமரா காலத்து விதி. கோப்ரோ வெறும் 150 கிராம் சொச்சம். இதுக்கு எதுக்கு 200?" என்பது வாதம். பழைய ஆட்கள் புதியவர்களை ஓரங்கட்டுகிறார்கள் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள்.

உண்மை தலைகீழ். ஒரு காலத்தில் வானில் படமெடுக்க வேண்டுமென்றால் கிலோ கணக்கில் எடையுள்ள ஃபிலிம் கேமராவைத் தலையில் சுமக்க வேண்டும். ஹெல்மெட்டைத் தானே வடிவமைக்க வேண்டும், காசும் நிறைய வேண்டும். அந்த எடையும் செலவுமே ஒரு வேலியாக இருந்தன. அனுபவமில்லாதவர் அந்தப் பக்கமே போக மாட்டார். கையடக்க ஆக்‌ஷன் கேமராக்கள் வந்தபோது வேலி போய்விட்டது. ஆபத்து மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதனால் கேமரா சின்னதாக ஆக ஆக இந்த விதியின் தேவை கூடித்தான் இருக்கிறது.

முதலில் கவனச்சிதறலை எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு தரையைப் பார்க்க விழுகிறவரின் வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 1,000 அடி கரைய ஐந்தரை விநாடி போதும். வழக்கமாக 13,000 அடியில் விமானத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு நிமிடத்துக்குள் பாராசூட்டை விரித்தாக வேண்டும். "ரெக்கார்டிங் ஓடுதா? ஃபிரேமில் நண்பன் இருக்கானா?" என்று ஐந்து விநாடி யோசித்தால், அது கிட்டத்தட்ட ஆயிரம் அடி. இருபது ஜம்ப் செய்தவருக்கு உயரம் பார்ப்பதும், உடலை நிலையாக வைப்பதும், சுற்றிலும் யார் எங்கே என்று கவனிப்பதுமே மூளையை முழுக்க நிரப்பிவிடும். இதெல்லாம் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வந்தவருக்குத்தான் மூளையில் கேமராவுக்கு இடம் மிச்சமிருக்கும்.

அப்படி வந்தவர்களுக்கும் சறுக்கும். 1988 ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் 800 ஜம்ப்புக்கு மேல் அனுபவமுள்ள ஒருவர், பயிற்றுநர் ஒருவரையும் மாணவரையும் படமெடுப்பதற்காகக் குதித்தார். வீடியோ எடுப்பதிலேயே மனம் இருந்தது. பாராசூட்டை மாட்டிக்கொள்ள மறந்திருந்தார். கேமராவைக் கொண்டுபோனவர் பாராசூட்டைக் கொண்டுபோகவில்லை. நம்ப முடியாத கதைபோல இருக்கும், ஆனால் நடந்தது.

கயிறு சிக்கும் இடம்

பாராசூட் விரியும் விதம் தெரிந்தால் மற்றது புரியும். முதலில் ஒரு குட்டி பாராசூட்டைக் காற்றில் வீசுகிறோம். அது ஒரு நாடாவை இழுக்கிறது, நாடா பையை இழுக்கிறது, பையிலிருந்து கயிறுகள் சரசரவென நீள்கின்றன. உடல் நேராக இருந்தால் இதெல்லாம் முதுகுக்கு மேலே சுத்தமாக நடந்துவிடும். உடல் கொஞ்சம் சாய்ந்தோ புரண்டோ இருந்தால் கயிறு தோளையும் தலையையும் உரசிக்கொண்டு போகும். அங்கே துருத்திக்கொண்டு ஒரு கேமரா இருந்தால் அது கொக்கி.

கயிறு கொக்கியில் மாட்டினால் என்ன ஆகும்? பிரதான பாராசூட் சரியாக விரியாதபோது அதைக் கழற்றி விட்டுவிட்டு, ரிசர்வ் பாராசூட்டை இழுப்பதுதான் எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் பாடம். ஆனால் கழற்றிய பாராசூட் உங்கள் ஹெல்மெட்டையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால்? ரிசர்வ் விரியும்போது இரண்டும் பின்னிக்கொள்ளலாம். அப்போது தலையில் இருக்கிற ஹெல்மெட்டே போய்த்தொலைய வேண்டும். அதுவும் ஒரே இழுப்பில், கையுறை போட்ட விரலால், கண்ணால் பார்க்காமல்.

இதற்காகத்தான் கேமரா ஹெல்மெட்டுகளில் தாடைப் பகுதியில் ஒரு அவசர விடுவிப்பு இருக்கும். ஆஸ்திரேலியாவின் குக்கி, அமெரிக்காவின் போன்ஹெட், இத்தாலியின் டான்ஃப்ளை போன்ற நிறுவனங்கள் இந்த விளையாட்டுக்கென்றே ஹெல்மெட் செய்கின்றன. எந்த நிறுவனம் என்பதைவிட, குறிப்பிட்ட அந்த மாடலில் இந்த வசதி இருக்கிறதா, தனியாகப் பொருத்த வேண்டுமா என்று கேட்பதுதான் முக்கியம். பைக் ஹெல்மெட்டில் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டிக்கொண்டு வருவது இந்தப் பேச்சிலேயே சேராது.

மவுண்ட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கேமரா பெட்டியோடு வரும் ஒட்டும் மவுண்ட் சைக்கிளுக்கும் அலைச்சறுக்குக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அது கேமராவை ஹெல்மெட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கிறது. அடியில் ஒரு இடைவெளி, பின்னால் ஒரு திருகு. கயிறு நுழைய அதற்கு மேல் என்ன வேண்டும்? ஹெல்மெட்டோடு ஒட்டிப் படிந்து, விளிம்புகள் சரிவாக, கயிறு வழுக்கிப் போகும்படி செய்த மவுண்டுகள் தனியாகக் கிடைக்கின்றன. அவற்றின் விலையைப் பார்த்து "பிளாஸ்டிக் துண்டுக்கு இவ்வளவா?" என்று தோன்றும். பணத்தை மிச்சம் பிடிக்க வேறு இடம் பார்க்கலாம்.

மாட்டிய பிறகு ஒரு சோதனை உண்டு, செலவே இல்லாதது. பழைய பாராசூட் கயிறு ஒரு துண்டு எடுத்து, ஹெல்மெட்டின் மேல் எல்லாத் திசையிலும் இழுத்துத் தேய்த்துப் பார்ப்பது. எங்கே தடுக்குகிறதோ அங்கே டேப் ஒட்டி மூட வேண்டும், இல்லையென்றால் கேமராவை இடம் மாற்ற வேண்டும். அதன் பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வலது கையால் ஒருமுறை, இடது கையால் ஒருமுறை கழற்றிப் பழக வேண்டும். தரையில் பத்து முறை தடுமாறுகிற கை மேலே ஒரே முறையில் சரியாகச் செய்துவிடாது.

மார்பில் கட்டிக்கொள்ளலாமே என்பார்கள். வேண்டாம். பிரதான பாராசூட்டைக் கழற்றும் கைப்பிடி, ரிசர்வ் கைப்பிடி இரண்டும் இருப்பது அந்தப் பகுதியில்தான்.

கழுத்துக்கும் ஒரு கணக்கு

ஸ்டில் படத்துக்கு ஆசைப்பட்டு டி.எஸ்.எல்.ஆர். மாட்டுகிறவர்கள் எடைக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். ஹெல்மெட், கேமரா, லென்ஸ், இன்னொரு வீடியோ கேமரா எல்லாம் சேர்ந்து 2 கிலோ என்று வையுங்கள். பாராசூட் கொஞ்சம் வேகமாக விரிந்து ஐந்து மடங்கு விசை வந்தால் அந்த 2 கிலோ கழுத்துக்கு 10 கிலோவாகத் தெரியும், தலையின் சொந்த எடை போக. எடை தலையின் நடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் கழுத்து தாங்கும். ஒரு பக்கமாகவோ உச்சியில் உயரமாகவோ இருந்தால் நெம்புகோல் போல வளைக்கும். அதனால்தான் கேமராக்காரர்கள் மெதுவாக விரியும் பாராசூட்டைத் தேடுகிறார்கள், மடிக்கும்போது அவசரப்படுவதில்லை, விரியும் அந்தச் சில விநாடிகளில் தலையைத் திருப்பாமல் நேராக வைத்திருக்கிறார்கள்.

2013-ல் கேனன் 100டி வந்தபோது, பேட்டரியோடு 407 கிராம்தான், அன்றைக்கு உலகிலேயே எடை குறைந்த டி.எஸ்.எல்.ஆர். என்று விளம்பரம் செய்தார்கள். அதைவிடக் கனமான, விலை உயர்ந்த கேமரா தரையில் சிறந்த படம் தரலாம். மேலே 100 கிராம் குறைவு என்பதே பெரிய தரம்.

லென்ஸில் ஆடம்பரம் தேவையில்லை. எதிரில் இருப்பவர் சில அடி தூரத்தில், வெளிச்சமோ கொட்டிக் கிடக்கிறது. அகலமாகப் பார்க்கும் லேசான லென்ஸ் போதும். பலர் கேமராவோடு வரும் 18-55 லென்ஸையே 18-ல் வைத்து, ஜூம் வளையம் நகராமல் டேப் ஒட்டிவிடுகிறார்கள். ஷட்டர் வேகம் 1/500க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் படம் கலங்காது.

கையில்லாமல் கிளிக் செய்வது எப்படி? பல்லிடுக்கில் கடிக்கும் சிறிய சுவிட்ச் அல்லது நாக்கால் அழுத்தும் சுவிட்ச். கைகள் பறப்பதற்கு வேண்டும். சுவிட்சின் ஒயர் வெளியே வளையமாகத் தொங்கக் கூடாது, ஹெல்மெட் கழன்றால் ஒயரும் கூடவே கழல வேண்டும். குறி பார்க்கக் கண்ணுக்கு முன்னால் ஒரு வட்டக் கண்ணாடி பொருத்துவார்கள். அதுவும் துருத்திக்கொண்டு நிற்கிற பொருள்தான் என்பதால், அகல லென்ஸ் வைத்திருக்கும் புதியவர் அதைத் தள்ளிப்போடலாம். மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கே கேமராவும் பார்க்கும்படி தரையில் ஒருமுறை சரிசெய்தால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம், குளிர். மேலே 4 கிலோமீட்டர் உயரத்தில் தரையைவிட 25 டிகிரி வரை குறைவாக இருக்கும். பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஈரப்பதமான கடற்கரைப் பகுதியில் கீழே வரும்போது லென்ஸில் பனி மூடும்.

கேமராக்காரரின் வேலை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2018-ல் வந்த 'மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்' படத்தைப் பார்க்கலாம். 25,000 அடியிலிருந்து டாம் க்ரூஸ் குதிக்கும் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அவருக்கு முன்னால் பின்பக்கமாகக் குதித்து, ஹெல்மெட் கேமராவால் எடுத்தவர் க்ரெய்க் ஓ'ப்ரையன். அந்தி வெளிச்சத்தில் எடுத்ததால் ஒரு நாளைக்கு ஒரே வாய்ப்பு. அதற்காக நூறு முறைக்கு மேல் குதித்திருக்கிறார்கள். திரையில் சில நிமிடங்கள்.

பயணியாகப் போகிறவர்களுக்கு

பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒருமுறை டேண்டம் ஜம்ப் செய்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களுக்கு வரும் ஆசை, "என் கேமராவை நானே எடுத்துட்டு வரேனே, வீடியோ காசு மிச்சம்" என்பது. டிராப் ஸோன் மறுத்தால் அது வியாபாரத் தந்திரம் என்று தோன்றும். வீடியோவில் அவர்களுக்கு வருமானம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் மறுப்பது சரிதான். 190 கிலோமீட்டர் வேகக் காற்றில் முதல்முறை குதிப்பவர் கையிலிருந்து நழுவும் கேமரா பயிற்றுநரின் முகத்தில் அடிக்கலாம், கீழே யார் தலையிலாவது விழலாம்.

முன்பதிவு செய்யும்போது ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வீடியோ எடுப்பது பயிற்றுநரின் மணிக்கட்டில் இருக்கும் கேமராவா, தனியாகக் குதிக்கும் கேமராக்காரரா? மணிக்கட்டுக் கேமரா மலிவு, முகம் நெருக்கமாக வரும். தனி கேமராக்காரர் என்றால் விமானத்தை விட்டு வெளியே வரும் கணம், முழு உடல், பின்னால் தெரியும் ஊர் எல்லாம் கிடைக்கும், கட்டணமும் கூடும். உங்களை உயிரோடு தரை சேர்க்க வேண்டிய கைக்கு இன்னொரு வேலை கொடுக்காமல் இருப்பதற்காகவே அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாம். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள்.