ஈயடிச்சான் காப்பியும் எக்ஸ் கதிரும்



பக்கத்து பெஞ்சுக்காரன் ரீடிங்கைப் பார்த்து அப்சர்வேஷன் நோட்டில் எழுதாதவர் நம்மில் யார்? நானும் எழுதியவன்தான். ஒரு தடவை எங்க பேட்ச்சில் ஆறு பேர் ஒருத்தனைப் பார்த்து எழுதினோம். அவனோ அம்மீட்டர் ரேஞ்சையே தப்பாகப் படித்திருந்தான். "என்னப்பா, ஆறு பேருக்கும் ஒரே காய்ச்சலா?" என்று சார் கேட்டார். சிரித்துவிட்டு மறந்துவிட்டோம். எக்ஸ் கதிர் டிடெக்டர் பற்றிப் படித்த பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது.

விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிரைக் காற்றுமண்டலம் தடுத்துவிடும். மேலே போய்த்தான் பார்க்கணும். நம் நாடு 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட்டை அனுப்பியது. அதன் மென் எக்ஸ் கதிர் தொலைநோக்கியில் உள்ள சிசிடிக்கு மைனஸ் 80 டிகிரி அளவுக் குளிர் போதும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் திட்டமிடும் நியூ அதீனாவுக்கோ மீக்கடத்தி டிடெக்டர். குளிருக்கு அடிமட்டம் மைனஸ் 273.15 டிகிரி. அதற்கு மேல் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்குள் அதை வைத்திருக்கணும்!

ஏன்? அங்கே ஒவ்வொரு பிக்சலும் ஒரு தெர்மாமீட்டர். எக்ஸ் கதிர்த் துகள் ஒன்று விழுந்தால் பிக்சல் லேசாகச் சூடாகும். மீக்கடத்தும் நிலையின் விளிம்பில் நிற்கும் உலோகப் படலத்தின் மின்தடை சட்டென்று ஏறும். அதை வைத்துத் துகளின் ஆற்றலைக் கணக்கிடலாம்.

சிக்கல் என்னவென்றால், பிக்சல்கள் எல்லாம் ஒரே சிலிக்கான் சில்லில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றின் சூடு சில்லு வழியாகக் கசிந்து பக்கத்து பிக்சலுக்குப் போகும். எதுவுமே விழாத பிக்சலும் 'எனக்கும் வந்தது' என்று பொய்த் துடிப்பு காட்டும். அதே நேரம் அதற்கு நிஜமான துகள் வந்தால் அந்தக் கணக்கும் கெடும். சுத்த ஈயடிச்சான் காப்பி!

பரிகாரம் நமக்குத் தெரிந்ததுதான்: ஹீட் சிங்க். சில்லில் தங்கமோ செம்போ பூசி, சூட்டைப் பக்கத்தில் பரவவிடாமல் வெளியே இழுத்துவிடுகிறார்கள். மிஞ்சும் சந்தேகப் பதிவுகளை ஒதுக்கிவிடலாம். பதிவு குறைந்தாலும் சரி, கலப்படம் கூடாது!

"மார்க் போகுமே?" என்பீர்கள். நியாயம்தான். ரீடிங் சரியாக வராவிட்டால் மார்க்கைக் குறைக்காமல், ஏன் வரவில்லை என்று எழுதச் சொன்னால் பாதிப் பேர் காப்பி அடிக்கமாட்டோம். ஆசிரியப் பெருமக்களுக்கு இது என் வேண்டுகோள்.

இந்தப் பாடம் நம்ம ஊருக்குப் புதிதல்ல. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை அளக்க 1760-ல் பிரான்சிலிருந்து கிளம்பினார் லெ ஜான்தீ. 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானதால் இங்கே இறங்க முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்காக 1769 வரை காத்திருந்தார். அந்த ஜூன் 4 காலையில் புதுச்சேரியை மேகம் மூடியது. மணிலாவில் வானம் தெளிவு! அவர் இல்லாததை எழுதவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். என் ரெக்கார்ட் நோட்டில் இருப்பது அப்பாவுக்குப் புரியாது. ஆனால் அதெல்லாம் நானே பார்த்து எழுதியது என்று நம்புகிறார். காலிக் கட்டம் அவமானமில்லை. கடன் வாங்கிய ரீடிங்தான் அவமானம். சிந்திப்போம் தோழர்களே!

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு