நிழலில் தொங்கும் வெப்பமானி



சித்திரை வெயிலில் சாலையே உருகுகிறது. அந்தச் சாலைக்குத் தார் காய்ச்சி ஊற்றுகிறான் ஒருவன். அவனைச் சுடும் வெப்பம் எவ்வளவு? "இன்று 38 டிகிரி" என்கிறது அறிக்கை. எங்கே அளந்த 38? வெண்ணிறக் கூட்டுக்குள்ளே, நிழலிலே, தரைக்கு நாலடி உயரத்திலே! வெப்பமானிக்கு நிழல் உண்டு, உழைப்பவனுக்கு இல்லை.

ஈரக்காற்றிலே வேர்வை உலராது. உலராவிடில் உடல் குளிராது. பயிற்சியில் வீரர்கள் சுருண்டு விழக் கண்ட அமெரிக்கப் படையினர், 1950களிலேயே ஓர் அளவு வகுத்தனர். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு நூற்றுக்கு 70 பங்கு, வெயிலில் வைத்த கருங்கோளத்துக்கு 20, நிழல் வெப்பத்துக்கு வெறும் 10! அந்தப் பத்துப் பங்கைத்தான் முழுக்கணக்காக நமக்குக் காட்டுகிறார்கள்.

ஊருக்கு ஊர் கருங்கோளம் வைக்க இயலுமா என்பார்கள், கோப்பு வளர்த்துப் பழகியவர்கள். வேண்டாம் ஐயா! ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலே, நம் வரிப்பணத்தில் 2024இல் ஏவிய இன்சாட்-3டிஎஸ் இருக்கிறதே! மேகத்தைப் பார்த்துத் தரையில் விழும் வெயிலைக் கணக்கிடலாம். அகச்சிவப்புக் கதிரால் தரைச்சூட்டையும் காற்றின் ஈரத்தையும் மதிப்பிடலாம். தரை நிலையங்கள் தரும் காற்றின் வேகத்தையும் வெப்பத்தையும் சேர்த்தால் அதே கூட்டளவு கிட்டும். குறை உண்டு, மறுக்கவில்லை. மேகம் மூடினால் அகச்சிவப்புக்குத் தரை தெரியாது. அதன் கண்ணுக்கு 4 கிலோமீட்டரும் ஒரே புள்ளி, தகரக்கொட்டகைச் சந்தும் தென்னந்தோப்பும் அதில் ஒன்றே. அதற்காக நிழற்கூட்டை மட்டும் நம்புவதா?

2023 ஏப்ரல் 16ஐ மறந்தோமா? நவி மும்பையின் கார்கர் திடலில் அரசே நடத்திய விருது விழா. கூரையின் கீழே தலைவர்கள்; திறந்த வெயிலிலே மக்கள். மாண்டவர் 14 பேர்!

கத்தாரில் 2021 முதல், அந்தக் கூட்டளவு 32.1ஐத் தாண்டினால் வெளிவேலை நிற்க வேண்டும் என்பது சட்டம். மன்னராட்சிதான், உலகம் காறி உமிழ்ந்த பிறகு வந்ததுதான். ஆயினும் எண் ஒன்று சட்டத்தில் ஏறியது. அளவு வகுத்த அமெரிக்காவிலோ, ஃப்ளோரிடா மாநிலம் 2024இல், தொழிலாளியை வெப்பத்திலிருந்து காக்க உள்ளாட்சிகள் விதி செய்யவே கூடாதென்று சட்டம் போட்டது. அறிவு இருந்தென்ன, முதலாளியின் முகம் வாடக் கூடாதே!

இங்கே? 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றது. மாண்டவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் என்றது. வரவேற்கிறோம். மாளாதிருக்க என்ன தருவீர்கள் என்றும் கேட்கிறோம். கூட்டளவு எல்லை கடந்தால், கூலி குறையாமல் வேலை நிற்கும் என்று எழுதுங்கள். கூலி குறையாமல்! நாட்கூலிக்காரன் நிழலில் ஒதுங்கினால் அன்று அவன் வீட்டில் உலை ஏறாது.