மர்ம நாவல் எழுதும் சட்டக் கலாநிதியும் எங்கள் பிள்ளைகளின் கொப்பிகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோஷம்.

ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம். பேச்சுப் போட்டி வைக்கிறோம், பதாகை கட்டுகிறோம், பரிசும் கொடுக்கிறோம். ஆனால் ஒரு பிள்ளை உண்மையிலேயே ஒரு நாவலைக் கையில் எடுத்தால், அதுவும் கொலை, துப்பு என்று இருந்தால், வீட்டில் வரும் முதல் கேள்வி "இது சோதனைக்கு வருமா?" என்பதுதான். பொம்பிளைப் பிள்ளை கதை எழுதுகிறாள் என்றால் சொல்லவே வேண்டாம், கொப்பி அலுமாரிக்கு மேலே போய்விடும். பெற்றோரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஆசிரியர் பயிற்சியில் வாசிப்பை வளர்ப்பது பற்றி நாங்கள் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினோம். ஒரு நாவலை முழுதாக வாசித்து வாருங்கள் என்று அங்கே யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

இந்த நேரத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல நினைக்கிறோம். பெயர் அவுஸ்மா ஸெஹானத் கான். பிரித்தானியாவில் பிறந்து கனடாவில் வளர்ந்த, பாகிஸ்தானிய வேர்கொண்ட முஸ்லிம் பெண். சர்வதேச மனித உரிமைச் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பால்கன் போர்க்குற்றங்கள்தான் அவருடைய ஆய்வுத் துறை. டொரொண்டோவில் குடிவரவுச் சட்டத்தரணியாக இருந்தார், பல்கலைக்கழகங்களில் விரிவுரை செய்தார், முஸ்லிம் இளம் பெண்களுக்கான ஒரு சஞ்சிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார். இவ்வளவுக்கும் இடையில் அவர் எழுதியவை துப்பறியும் நாவல்கள்.

முதல் நாவல் 'தி அன்குவயட் டெட்' 2015இல் வந்தது. டொரொண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் விளிம்பிலிருந்து விழுந்து ஒரு மனிதர் இறந்துபோகிறார். விபத்தா, கொலையா? இதை விசாரிக்க வருபவர் ஈஸா கட்டக் என்ற முஸ்லிம் பொலிஸ் அதிகாரி. கூட ரேச்சல் கெட்டி, முஸ்லிம் அல்லாத ஒரு பெண் சார்ஜன்ட். இறந்தவர் வேறு பெயரில் ஒளிந்து வாழ்ந்த பொஸ்னியப் போர்க்குற்றவாளியோ என்ற சந்தேகம் வருகிறது. அதோடு கதை ஸ்ரெப்ரெனிச்சாவுக்குப் போய்விடுகிறது. மிச்சத்தை நாங்கள் சொல்லமாட்டோம், மர்ம நாவலின் முடிவைச் சொல்வது நல்ல பழக்கமல்ல.

ஸ்ரெப்ரெனிச்சாவைத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. 1993இல் ஐ.நா. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த ஊர் அது. 1995 ஜூலையில் அந்த வலயத்துக்குள்ளே செர்பியப் படைகள் புகுந்து, 8,000க்கும் அதிகமான பொஸ்னிய முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் கொன்றன. நெதர்லாந்து அமைதிப் படையினர் அங்கேதான் இருந்தார்கள். அது இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றம் 2007இல் தீர்ப்புச் சொன்னது.

இதையெல்லாம் அவர் தன் ஆய்வில் எழுதியாயிற்றே, பிறகு ஏன் நாவல்? ஆய்வேட்டை வாசிக்கிறவர்கள் அந்தத் துறைக்காரர்கள். கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிறவனோ வீடு வீடாக இருக்கிறான். அவனைக் கையைப் பிடித்து அந்தப் புதைகுழி வரை கூட்டிப்போக ஒரு துப்பறியும் கதையால் முடியும். அத்தியாயங்களின் தலைப்பில் சாட்சியங்களிலிருந்து வரிகளை வைத்து, அவை எங்கிருந்து வந்தன என்று நூலின் கடைசியில் குறிப்பும் கொடுத்திருக்கிறார். கற்பனை எது, நடந்தது எது என்று வாசகன் பிரித்துப் பார்க்கலாம். ஒரு வரலாற்று ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பழக்க விரும்புவதும் இதைத்தானே?

எல்லாம் ஒரே தரம் என்று சொல்லவில்லை. சில இடங்களில் கதை நின்றுபோய் விரிவுரை தொடங்கிவிடுகிறது. நாங்களும் அந்தத் தொழில்தான் என்பதால் மன்னித்துவிட்டோம்.

எங்களுக்கு நெருக்கமாகப்பட்டது அந்த ஈஸா கட்டக். இரண்டாவது நாவல் 2006இல் டொரொண்டோவில் முறியடிக்கப்பட்ட பயங்கரவாதச் சதி ஒன்றின் சாயலில் எழுதப்பட்டது. அதில் அவருக்கு இரண்டு பக்கமும் இடி. திணைக்களத்தில் 'இவன் யாருடைய ஆள்?' என்ற பார்வை, சமூகத்திலும் அதே பார்வை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டில் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த மனிதர் தொழுகிறார், வேலையும் செய்கிறார், குற்றவாளியைப் பிடிக்கிறார். கதையில் முஸ்லிம் என்றால் குற்றவாளி அல்லது பாவப்பட்டவன் என்று பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, விசாரிக்கிற இடத்தில் ஒரு முஸ்லிமைப் பார்ப்பது சின்ன விசயமல்ல.

படித்தவர்கள் இப்படி எழுதுவது வெளியிலும் லேசாக ஏற்றுக்கொள்ளப்பட்டதல்ல. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியை கேரலின் ஹைல்பிரன் 1964 முதல் 'அமாண்டா கிராஸ்' என்ற புனைபெயரில் துப்பறியும் நாவல் எழுதினார். நிரந்தரப் பதவி கிடைக்கும்வரை அதை மறைத்தே வைத்திருந்தார்.

"நாவல் எங்கள் வழக்கமல்ல" என்பவர்களுக்கு ஒன்று கேட்கிறோம். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் 'அசன்பே சரித்திரம்' யார் எழுதியது? 1885இல் கண்டி அறிஞர் சித்திலெப்பை எழுதினார். அவரும் சட்டத்தரணி. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்தியவர், எங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று ஓடித்திரிந்தவர். அத்தனை வேலைக்கு நடுவில் அவர் எழுதியது எகிப்துப் பின்னணியில், கடத்தப்பட்ட ஒரு பிள்ளையின் கதை. சித்திலெப்பையின் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, பிள்ளையின் கதைக் கொப்பியைப் பறிப்பது எந்த நியாயம்?

எங்களிடமும் எழுதப்படாதது நிறையக் கிடக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அன்று வயதானவர்களாக இருந்தவர்களில் பலர் மவுத்தாகிவிட்டார்கள். ஒரு உம்மம்மா எந்தச் சாமானை எடுத்தார், எதை விட்டுவிட்டு வந்தார், வீட்டுச் சாவியை என்ன செய்தார் என்பதை எந்த ஆணைக்குழு அறிக்கை சொல்லும்? அதைக் கேட்டு எழுத ஒரு பேத்தி வேண்டும். அவள் அதை மர்மக் கதையாக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சாதாரணதரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் சும்மா இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் வாரம் ஒருநாள், சனி அஸருக்குப் பிறகு, பாடசாலை நூலகத்தைத் திறந்து வைத்துப் பிள்ளைகளுடன் உட்கார நாங்கள் சில ஆசிரியர்கள் தயார். கட்டணம் இல்லை. பிள்ளைகளை அனுப்புவதென்றால் ஒரு நாற்பது பக்கக் கொப்பி கொடுத்துவிடுங்கள். அதற்குள் என்ன எழுதுகிறார்கள் என்று முதல் ஒரு மாதத்துக்குத் திறந்து பார்க்க வேண்டாம். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் பிள்ளை வந்து கேள்வி கேட்கும், கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்லச் சொல்லுங்கள். நாவல் கிடந்தால் நூலகத்துக்குத் தாருங்கள், பழசானாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கம் மட்டும் கிழியாமல் இருக்கட்டும்.