தராசு சொல்லாத கணக்கு

"எடை குறையவே இல்லை, மாமி! ஆறு மாதமாக 58 கிலோ அப்படியே இருக்கிறது" என்றாள் அடுத்த வீட்டுப் பெண். அவள் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிஸிஸ். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் தொளதொளத்தது. நெற்றியின் இரு பக்கமும் குழி விழுந்திருந்தது. கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது.

சகோதரிகளே, அந்த 58 கிலோவை நம்பலாமா?

கூடாது. சிறுநீரகம் வேலை செய்யாதபோது குடிக்கும் நீர் உடம்பிலேயே தங்குகிறது. சதை கரைந்த இடத்தை நீர் நிரப்பிவிட்டால், தராசுக்கு வித்தியாசம் தெரியாது! அதனால்தான் டயாலிஸிஸ் முடிந்து, மிகுதி நீர் இறங்கிய பிறகு உள்ள 'உலர் எடை'யைப் பார்க்கிறார்கள். அந்த எண்ணையும் டாக்டர் அவ்வப்போது திருத்த வேண்டும். இல்லாவிட்டால் சதை குறைந்த அளவுக்கு நீர் தங்கி, மூச்சு முட்டும்.

ரத்தத்தில் ஆல்புமின் பார்ப்பார்கள். அது குறைந்தால் எச்சரிக்கைதான். ஆனால் சத்துக் குறைவால் மட்டுமல்ல, உடம்பில் அழற்சி இருந்தாலும் அது இறங்கும். எனவே ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டுவதில்லை.

கனடாவின் டொராண்டோ நகர டாக்டர்கள் 1980-களில் ஒரு முறை வகுத்தார்கள். அதற்குக் கருவி வேண்டாம். எடை எப்படி மாறியது, சாப்பாடு குறைந்ததா, குமட்டல் உண்டா, நடமாட்டம் எப்படி என்று கேட்பார்கள். பிறகு தோள், கை, தொடைச் சதையைத் தொட்டுப் பார்ப்பார்கள். முதலில் அறுவை சிகிச்சை நோயாளிகளுக்காக ஏற்பட்ட இம்முறை இன்று டயாலிஸிஸ் நோயாளிகளுக்கும் பயன்படுகிறது.

இந்தக் கேள்விகளில் பாதிக்கு விடை தெரிந்தவர் யார்? பரிமாறுகிற நீங்கள்தான்! தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்பது டாக்டருக்கு எப்படித் தெரியும்? டயாலிஸிஸ் உள்ள நாள் ஒன்று, இல்லாத நாள் இரண்டு. இந்த மூன்று நாள் சாப்பாட்டையும் அளவோடு எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பெண் என்ன சமைத்தாள் தெரியுமா? கஞ்சியும் ரசம் சாதமும். "பருப்பு, முட்டை குறைக்கச் சொன்னார்களே!" என்றாள். சொன்னது உண்மை, ஆனால் அது டயாலிஸிஸ் தொடங்குவதற்கு முன்பு. தொடங்கிய பின் கணக்கு மாறிவிடுகிறது. ரத்தம் சுத்தமாகும்போது புரதச் சத்தின் கூறுகளும் கொஞ்சம் வெளியேறிவிடும். எனவே 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 முதல் 72 கிராம் புரதம் வேண்டும். கஞ்சியால் அதை எட்ட முடியுமா?

அதற்காகப் பருப்பையும் பாலையும் இஷ்டம்போல் கூட்டிவிடாதீர்கள். பொட்டாசியம், பாஸ்பரஸ் தொல்லை உண்டு. முட்டையின் வெள்ளைக்கருவில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஒன்றில் சுமார் மூன்றரை கிராம் புரதம். முட்டை சேர்க்காத வீட்டார் என்ன செய்யலாம், எவ்வளவு சேர்க்கலாம் என்பதை ஆஸ்பத்திரி உணவு நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுவாரம் அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருந்தது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும்.