பத்மநாபபுரத்துக்கு ஒரு தொழில்நுட்பச் சங்கம்

பத்மநாபபுரம் அரண்மனையின் மணிமேடையிலுள்ள கடிகாரம், தொங்கும் எடைகளின் பலத்தால் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக ஓடி வருவதாகக் கூறுவர். பார்ப்போர் வியந்து செல்கின்றனர். ஆனால் அத்தகைய யந்திரத்தின் உள்ளமைப்பை அறிய ஆவல்கொண்ட உள்ளூர் வாலிபன் எங்கே செல்வது? கணினியும் மின்கருவிகளும் பயின்ற நமது இளைஞர் திருவனந்தபுரத்துக்கும் பெங்களூருக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் பிழைப்பு நாடிச் செல்வதை நாம் குறைகூறவில்லை. அவர்களது ஆர்வம் சொந்த ஊரில் கூடுவதற்கு ஒரு கூரை வேண்டுமென்பதே நமது விண்ணப்பம்.

இத்தகைய கூரையின் பெருமைக்கு நமது தேச சரித்திரமே சான்று. 1876 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர், ஜனங்களிடம் நன்கொடை திரட்டி, இந்தியராலேயே நடத்தப்பெறும் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தை ஸ்தாபித்தார். எண்ணிய பலன் கிட்டவில்லையே என்ற மனக்குறையுடனேயே 1904 இல் அவர் காலமானார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1907 இல், அரசாங்க நிதி இலாகா உத்தியோகஸ்தராக அந்நகருக்குச் சென்ற சி. வி. ராமன் அச்சங்கத்தின் கதவைத் தட்டினார். காலையிலும் மாலையிலும், உத்தியோக நேரம் நீங்கலாக, அங்கே ஆராய்ந்தார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் பின்னர் அவருக்குத் துணைநின்றார். 1928 பிப்ரவரி 28 இல் ராமன் விளைவு வெளிப்பட்டது. 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அச்சங்கம் மூடப்பட்டிருந்தால் ராமன் எங்கே சென்றிருப்பார்? பலன் தோன்றாத காலத்திலும் கதவைத் திறந்து வைத்திருப்பதே இத்தகைய சங்கத்தின் முதற்கடமை. நிதி தேவைப்படுவதும் அதற்காகவே.

செல்வந்தர் ஒருவரோ பெரிய கம்பெனியோ பொருளுதவி செய்தால் போதாதா எனச் சிலர் வினவலாம். செலவு முழுவதையும் ஏற்பவரிடமே சாவியும் போய்ச் சேரும்; அவர் மனம் மாறினால் கதவும் அடைபடும். ஆதலால் நாம் கூறும் முறை இது: வாடகையும் மின்கட்டணமும் அங்கத்தினர் சந்தாவிலிருந்தே நடக்கவேண்டும், பெரிய நன்கொடைகள் கருவிகள் வாங்குவதற்கு மட்டும் பயன்படவேண்டும். நூறு பேர் மாதம் 100 ரூபாய் வீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் சேரும். மாணவரிடம் சந்தா கேட்கலாகாது. லினக்ஸ் முதலிய சுதந்திர மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பதால், அவ்வகையில் செலவில்லை. பிறர் கழித்த கணினிகளே தொடக்கத்துக்குப் போதும்.

கைபேசியிலேயே சகல வித்தையும் கிடைக்கும்போது சங்கம் எதற்கு என்பது மற்றோர் ஆக்ஷேபம். பாடம் கிடைக்கிறது, மெய்தான். பிழையைக் கண்டு திருத்தும் அனுபவசாலியும், ஒருவரால் தனித்து வாங்கவியலாத கருவிகளும், கூடி உழைக்கும் தோழரும் கைபேசிக்குள் இல்லை. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவருக்குக் கட்டணமின்றிக் கற்பித்து வருகின்றனர். நமக்கு அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தில் 2001 இல் சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் இந்திய அமைப்பு தோன்றியது. விழுப்புரத்தில் இயன்றது பத்மநாபபுரத்தில் இயலாதா?

சட்டமும் தடையாக இல்லை. 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கூடினால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். லாபத்தை அங்கத்தினர் பங்கிட்டுக்கொள்ளலாகாது என்பதை விதிகளிலேயே எழுதி வைக்கவேண்டும். வரவு செலவுக் கணக்கை ஆண்டு முடிவில் பொதுக்கூட்டத்தில் வைப்பதோடு நில்லாமல், மாதந்தோறும் சங்கத்தின் வாயிலிலும் ஒட்டவேண்டும். பொதுப்பணத்தில் ஐயம் புகுந்த நாளே சங்கம் அழியத் தொடங்கும் நாள் என்பதைப் பொதுவாழ்வில் பழகிய நமது வாசகர் நன்கறிவர்.

அரசியல் கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் திரட்ட வல்ல நமது ஊழியர்களுக்கு ஏழு பேரைச் சேர்ப்பது அரிய காரியமன்று. கட்சி, ஜாதி, மதம் ஆகிய வேற்றுமைகளை வாயிலுக்கு வெளியே நிறுத்தி, பெண்களுக்கும் சம இடம் தந்து, பத்மநாபபுரத்து அன்பர்கள் இப்பணியில் இறங்குவார்களாக. வாடகைக்கு ஓர் அறை கிடைத்ததும் முதல் ஆண்டுச் சந்தாவைச் செலுத்த அங்குள்ள வியாபாரிகளும் ஆசிரியர்களும் வக்கீல்களும் முன்வருவது அவர்களது கடமையாகும்.