பூட்டுக்கு எது சாவி?

கம்ப்யூட்டரில் வேலைப் பயிற்சி நடக்கிறது. "அடுத்து" என்ற பொத்தான் பூட்டிக் கிடக்கிறது. குறித்த நேரம் ஆனால்தான் திறக்கும்!

ஊழியர் என்ன செய்கிறார்? பாடத்தை ஓடவிட்டு டீ குடிக்கப் போகிறார். திரும்பி வந்து பொத்தானை அமுக்குகிறார். சான்றிதழும் வந்துவிடுகிறது!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தைப் பாருங்கள். 5 பேர் வேலை செய்தாலே, பாலியல் தொல்லையைத் தடுக்கும் பயிற்சி கட்டாயம். மேற்பார்வையாளருக்கு 2 மணி நேரம். மற்றவர்களுக்கு 1 மணி நேரம். சட்டமே மணிக்கணக்கு கேட்டால், கம்பெனி கடிகாரத்தைத்தானே பூட்டாக்கும்?

வேறு வழி இல்லையா? உண்டு. 1954-ல் ஸ்கின்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், கணக்குச் சொல்லித் தரும் எந்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். விடை சரியானால் குமிழ் திரும்பும். அடுத்த கணக்கு வரும். தப்பானால் அசையாது!

பூட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. தீயணைக்கும் கருவியைப் பிடிக்கத் தெரியாதவர் அந்தப் பாடத்தைத் தாண்டக் கூடாது. ஆனால், ஏன் தப்பு என்று அவருக்கு விளக்க வேண்டும். அதே படத்தை மறுபடி ஓட்டினால் போதுமா?

20 வருஷம் மெஷின் ஓட்டியவரை ஏன் கட்டிப்போட வேண்டும்? முதலிலேயே கேள்வி கேட்டு, தெரிந்தால் மேலே விடலாமே!

நாலு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் அமுக்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கேள்விகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.